சும்மா இருக்கும் நினைவகம்

எங்கள் வீட்டுக்கு முதல் கணினி 2006-இல் வந்தது. உதிரிப் பாகங்களாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு பெட்டி. ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், அதற்கென்றே செய்த மேசையில் வைத்தோம். மாமியார் பூப்போட்ட துணியில் அதற்கு உறை தைத்துப் போட்டார். என் முனைவர் பட்ட ஆய்வுக்காக வாங்கியது என்றுதான் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டோம். பணத்தில் பாதி என் வளையலை அடகு வைத்து வந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி. அதில் பயனர் கணக்குகள் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பெயர்கள் இருக்கும். முதலாவது என் கணவருடையது. அதன் கீழே 'கம்ப்யூட்டர் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றிருக்கும். இரண்டாவது என்னுடையது. அதன் கீழே 'லிமிட்டெட்'. இதில் யாருடைய சதியும் இல்லை. பெட்டியைப் பூட்டித் தந்த பையன், "வீட்ல யாரு சார் மெயின்?" என்று கேட்டான். அவர், "நாந்தான்" என்றார். நான் அடுக்களையில் அவனுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

லிமிட்டெட் என்றால் என்ன என்பது ஒரு வாரத்தில் புரிந்தது. ஒரு தமிழ் எழுத்துருவை நிறுவக்கூட எனக்கு அனுமதி இல்லை. அன்று தமிழில் தட்டச்சு செய்ய எழுத்துருதான் எல்லாம். அவர் அலுவலகத்திலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, செய்தி பார்த்து முடித்த பிறகு, "அந்த ஃபாண்டை மட்டும் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்கவேண்டும். "இப்பவேவா?" என்பார். மறுநாள் போட்டுத் தருவார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதரிடமும் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

இரவு பதினொன்றுக்கு மேல் அது என் கணினி. நெய்தல் திணைப் பாடல்களில் பெண்குரல் பற்றிய என் ஆய்வேட்டின் இரண்டு இயல்களை அதில் தட்டினேன். கூடவே கவிதைகளும். டி டிரைவில் ஒரு கோப்புறை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் 'சமையல் குறிப்பு' என்ற பெயரில் ஒன்று. அதில் 41 கவிதைகள் இருந்தன.

ஒரு ஞாயிறு மதியம் நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பியபோது கொழுந்தனார் கணினி முன்னால் பெருமையாக உட்கார்ந்திருந்தார். "மைனி, ஒரே வைரஸு. சுத்தமா ஃபார்மேட் அடிச்சுட்டேன். இப்ப பறக்கும் பாருங்க."

டி டிரைவையுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார். என் முகத்தைப் பார்த்த கணவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "நீ எழுதுனதுதானே? ஞாபகம் இருக்கும்லா. திரும்ப எழுதிட்டாப் போச்சு."

இயல்கள் பிழைத்தன. நெறியாளரிடம் கொடுத்த அச்சுப்படி, அவருடைய சிவப்பு மைத் திருத்தங்களோடு இருந்தது. கவிதைகளில் ஒன்பது மட்டும் ஒரு பழைய குறுந்தகட்டில் இருந்தன. அதைப் போட்டுத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக்கள். 'அம்மா' என்று நான் எழுதியிருந்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நின்றது. பாமினி எழுத்துரு ஃபார்மேட்டில் போயிருந்தது. கணினிக்கு நான் தமிழில் எழுதினேன் என்பதே தெரியாது. அது ஆங்கில எழுத்துக்களையே வைத்திருந்தது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டியிருந்தது. வேஷம் கலைந்ததும் என் அம்மா யாருக்கும் புரியாத ஐந்து குறிகளாகிவிட்டாள்.

எழுத்துருவை மறுபடி நிறுவினால் கவிதை திரும்பிவிடும். அதற்கும் அவரிடம்தான் கேட்கவேண்டும். கேட்டேன். அந்த ஒன்பதையும் பிறகு ஒருங்குறிக்கு மாற்றினேன். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்துசேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் எடுக்கும். அம்மாவுக்கு அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று ஐந்து குறிகள், பதினைந்து பைட். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்றெழுத நான்கே பைட் போதும். "தமிழ் இடத்தை அடைக்குது" என்று அப்போது ஒரு நண்பர் சலித்துக்கொண்டார். அடைக்கட்டும் என்றேன். அவள் வேறு எங்கே இடம் எடுத்தாள்?

மீதி 32 கவிதைகள் திரும்பவில்லை. ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். ஒன்றுகூட வரவில்லை. நினைவு என்னுடையது, அதை வைத்திருந்த இடம் என்னுடையதல்ல என்று அன்றுதான் விளங்கியது.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். அவர் கணவர் சங்கும் முத்தும் குளித்தவர். மன்னார் வளைகுடாவில் எங்கள் கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதற்கும் அவர் போயிருக்கிறார். ஆச்சி படகேறியதில்லை, பெண்கள் ஏறுவதில்லை. ஆனால் யார் எந்தப் பாரில் இறங்கினார்கள், எத்தனை முங்கு முங்கினார்கள், சர்க்கார் பங்கு போக வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கெல்லாம் அவரிடம்தான் இருந்தது. "அவுக முங்கும்போது எங்க அண்ணந்தான் மேல கயிறு பிடிச்சான்," என்பார். "தங்கச்சி தாலிக்குப் பயந்து மச்சான் கயித்த விடமாட்டான். அதுக்குத்தான் அவனை நிறுத்துறது." கயிறு யார் கையில் என்பதைக் கடலில் இறங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். நான் அதைக் கேட்காமலே இறங்கியிருந்தேன்.

2020-இல் ஊரடங்கு வந்தது. கணவருக்கு ஹாலில் அலுவலகம், மகனுக்குப் படுக்கையறையில் பள்ளி, எனக்கு அடுக்களையில் கல்லூரி. மாவு டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து இளங்கலை இரண்டாம் ஆண்டுக்குச் சிலப்பதிகாரம் நடத்தினேன். குக்கர் விசில் அடித்தால் மாணவிகள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் பின்னணியிலும் விசில் கேட்கும்.

அடுத்த ஆண்டு, விடைத்தாள் திருத்திய பணத்தைச் சேர்த்துவைத்து, எனக்கென்று ஒரு கணினி பூட்டுவது என்று முடிவெடுத்தேன். துணைக்கு ஒரு முன்னாள் மாணவி வந்தாள். தமிழ் இலக்கியம் படித்தவள்தான். அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பள்ளி முடிக்கும்போது கிடைத்த மடிக்கணினிதான் அவளுடைய ஆசான். அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மற்ற பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. இவள் போனாள். ஏன் என்றேன். "விண்டோஸ் பக்கம் அண்ணன் கேம் போட்டு வச்சிருந்தான் மேம். லினக்ஸ் பக்கம் யாரும் வரல. அங்க நான் மட்டுந்தான்."

கடைக்காரர் என்னைத் தாண்டிப் பார்த்துக் கேட்டார்: "சாருக்கு என்ன யூஸ் மேடம்? கேமிங்கா, ஆபீஸா?" "கவிதை" என்றேன். அவர் விலைப்பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்.

உடனிணைந்த கிராபிக்ஸ் கொண்ட ஒரு பிராசசர், மதர்போர்டு, நான்கு நான்கு ஜிபியாக இரண்டு ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி., 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட். ரேமை ஒரே குச்சியாக எட்டு ஜிபி வாங்காமல் இரண்டாக வாங்கச் சொன்னது அவள்தான். இரண்டு குச்சி இருந்தால் பிராசசர் இரண்டு வழியாக ஒரே நேரத்தில் நினைவகத்தோடு பேசும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு அது நன்றாகவே தெரியும் என்றாள். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பூட்டினோம். முதல் முறை பொத்தானை அழுத்தியபோது ஃபேன் சுற்றியது, திரை வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் ரேமை அழுத்தச் சொன்னாள். "பயப்படாம அமுக்குங்க மேம். ரெண்டு முனையிலயும் டக்குனு சத்தம் வரணும்." அமுக்கினேன். சத்தம் வந்தது. திரையும் வந்தது.

அந்தப் பச்சைக் குச்சியைக் கையில் வைத்திருந்தபோது எனக்குத் தோன்றியது வேறொரு படம். நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் கணினியில், நிரலைப் பெண்கள் கையால் நெய்தார்கள். அமெரிக்காவின் வால்தம் நகரத் தொழிற்சாலையில், முன்பு நெசவாலையிலும் கைக்கடிகார ஆலையிலும் வேலை பார்த்த பெண்கள், ஊசியில் கம்பி கோத்து மணி மணியான காந்த வளையங்களுக்குள் செலுத்தினார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'கிழவி மெமரி'. நிலவில் கால் வைத்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும், மணி கோத்தவர்கள் பெயர் தெரியாது. எங்கள் ஊரில் வலைக்கண் பின்னும் பெண்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

இனி இயங்குதளம். டெபியன் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தோம். 1993-இல் அதைத் தொடங்கிய இயன் முர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரை முன்னாலும் தன் பெயரைப் பின்னாலும் வைத்துக் கோத்த சொல் அது. பின்னால் அவர்கள் மணந்து பிரிந்தும் விட்டார்கள். பெயர் மட்டும் பிரியாமல் இருக்கிறது. நிறுவும்போது முதலில் மொழிப் பட்டியல் வந்தது. அதில் தமிழ் இருந்தது. அடுத்து 'ரூட்' கடவுச்சொல் கேட்டது. ரூட் என்றால் அந்தக் கணினியில் எதையும் செய்யும் உரிமை உள்ளவர். இரண்டு தடவை தட்டச் சொன்னது. இரண்டு தடவையும் என் விரல் நடுங்கியது. நாற்பது வயதில் ஒரு பொருளின் மேல் எனக்கு முழு அதிகாரம் வந்தது அப்போதுதான்.

லினக்ஸ்தான் விடுதலை என்று சொல்ல வரவில்லை. கல்லூரியில் விண்டோஸில்தான் வேலை செய்கிறேன். பல்கலைக்கழகப் படிவங்கள் வேர்டில்தான் ஒழுங்காக நிற்கின்றன. வீட்டு அச்சுப்பொறி டெபியனோடு சமாதானமாக இரண்டு வாரம் ஆனது. எந்த இயங்குதளம் என்பது சுவை சார்ந்தது; சிலர் இட்லி, சிலர் தோசை. யார் பெயரில் என்பதுதான் கேள்வி. அன்று எக்ஸ்பியில் எனக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருந்திருந்தால், ஃபார்மேட் அடிக்குமுன் யாராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

லினக்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறொன்று. ஒருநாள் கணினி மந்தமானதுபோல் தோன்ற, மாணவியைக் கைப்பேசியில் அழைத்தேன். முனையத்தில் 'ஃப்ரீ' என்று தட்டச் சொன்னாள். நினைவகக் கணக்கு வந்தது. மொத்தம் 7.6 ஜிபி. அதில் 'ஃப்ரீ' என்ற பத்தியில் வெறும் 0.4. பதறிவிட்டேன். "அதைப் பாக்காதீங்க மேம். கடைசிப் பத்தியைப் பாருங்க." கடைசிப் பத்தியின் பெயர் 'அவைலபிள்'. அதில் 6.2 இருந்தது.

அவள் விளக்கினாள். 'ஃப்ரீ' என்றால் யாருமே எதற்குமே தொடாத இடம். லினக்ஸ் அப்படி இடத்தைச் சும்மா விடாது. அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை அங்கே எடுத்துவைத்துக்கொள்ளும். வேறு நிரல் இடம் கேட்டால் அந்த நொடியே அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இடத்தைக் கொடுத்துவிடும். அப்படிக் கேட்டவுடன் கிடைக்கக்கூடியதுதான் 'அவைலபிள்'.

கைப்பேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த இரண்டு பத்திகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நாளின் கணக்கு அது. "நீ சும்மாதானே இருக்கே, அந்தக் கரண்ட் பில்லைக் கட்டிடேன்." "சும்மாதான இருக்கீங்க, பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க." பேராசிரியர் அறையிலும் இதே குரல்தான்: "மேடம் ஃப்ரீதான், விழாக்குழுவில போடுங்க." எல்லோருக்கும் நான் ஃப்ரீயாகத் தெரிந்தேன். உண்மையில் நான் ஃப்ரீயாக இருந்ததே இல்லை. அவைலபிளாக மட்டும் இருந்தேன். உள்ளே ஒரு கவிதையின் மூன்று வரியை எடுத்துவைத்துக்கொண்டு நின்றிருப்பேன். யாராவது கூப்பிடுவார்கள். அந்த நொடியே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இடம் கொடுத்துவிடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே அழியவில்லை.

தாயுமானவரிடம் 'சும்மா' என்பது ஞானத்தின் உச்சி. வீட்டிலிருக்கும் பெண்ணிடம் அதே சொல் ஒரு குற்றப் பத்திரிகை. ஒரே சொல்லை ஆணுக்குப் பதவியாகவும் பெண்ணுக்குப் பழியாகவும் தமிழ் எப்படிப் பிரித்துக்கொடுத்தது என்று வகுப்பில் நான் பாடமே நடத்தியிருக்கிறேன். எனக்கு அது உறைத்தது ஒரு கருப்புத் திரையின் முன்னால்தான்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நினைவகம் முழுக்கத் தீர்ந்துபோனால் லினக்ஸின் கருநிரல் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஒவ்வொரு நிரலுக்கும் மதிப்பெண் உண்டு. மதிப்பெண் கூடியது முதலில் போகும். ஒரு நிரலுக்கு மைனஸ் 1000 என்று சரிக்கட்டி எழுதிவைத்தால் அதைத் தொடாது. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கும் நேரத்தில் கணினியில் இடம் போதாமல் 1202 என்ற எச்சரிக்கை வந்தபோதும் இதே போன்ற ஒன்றுதான் நடந்தது. முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு இறங்கும் வேலையை மட்டும் அது பிடித்துக்கொண்டது. எது முக்கியம் என்று முன்பே எழுதிவைத்திருந்தார்கள். அந்த மென்பொருள் குழுவை நடத்தியவர் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்.

குடும்பங்களிலும் நெருக்கடி வரும். மாமியாருக்கு உடம்புக்கு முடியாது, மகனுக்குப் பொதுத்தேர்வு, வீட்டில் கல்யாணம். ஏதாவது ஒரு வேலை நிற்கவேண்டும். எது நிற்கும் என்பதும் முன்பே எழுதிவைத்ததுதான். பெண்ணின் படிப்பு, பெண்ணின் பாட்டு, பெண்ணின் எழுத்து. என் கவிதைக்கு மைனஸ் 1000 போட யாரும் மறுக்கவில்லை; போடலாம் என்று எனக்குத்தான் தெரியவில்லை. லினக்ஸில்கூட அந்த எண்ணைக் குறைக்க ரூட் உரிமை வேண்டும்.

அதற்குப் பிறகு காலை நாலரை முதல் ஆறு வரை என்னுடையது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. மூன்று நாள் முணுமுணுப்பு, நான்காம் நாள் கணவரே காபி போட்டுக்கொண்டார். இவ்வளவு சுலபமா என்று அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

2023 டிசம்பர் 17 இரவு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் நள்ளிரவுக்குமேல் தண்ணீர் வாசற்படி ஏறியது. கரண்ட் இல்லை. கணவர் டார்ச் அடித்தார். அரிசி, சான்றிதழ், மாமியாரின் மருந்து என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினோம். நான் அடுத்து மிக்ஸியைத் தூக்கப் போனேன். "அதைக் கீழ வை. உன் பொட்டியை எடு முதல்ல," என்றார். அவர் முழங்கால் தண்ணீரில் நின்று தூக்கிக் கொடுக்க, நான் ஸ்டூலில் நின்று வாங்கினேன். ஆச்சி இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

தண்ணீர் வடிந்து, வீடு காய்ந்து, ஒரு வாரம் கழித்துக் கணினியைப் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றியது. திரை இருட்டு. இந்த ஊர்க் காற்றில் உப்பு. அது ரேமின் பொன்முலாம் பூசிய பற்களில் படிந்துவிடும். வைத்தியம் எளிது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து மறுபடி பொருத்தினால் போதும். பிழையை அழிக்கிற ரப்பர் இங்கே நினைவை மீட்டுத் தருகிறது. மகனின் பென்சில் பெட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்தேன். இரண்டு முனையிலும் டக்கென்று சத்தம் வந்தது. பிறகு திரை வந்தது, கடவுச்சொல் கேட்டது. பக்கத்தில் நின்ற கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தட்டினேன்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தினார்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எத்தனையோ நல்ல கணினிகள் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. அந்த மாதம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு பழைய மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அவள் அக்காவுக்குப் பள்ளியில் அரசு கொடுத்தது. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். நினைவகம் 2 ஜிபி.

எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை அவளையே நிறுவச் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

"பேர் கேக்குது மேம். அப்பா பேரப் போடவா, அண்ணன் பேரப் போடவா?"

"இதுல யாரு எழுதப்போறா?"

ஒரு நொடி யோசித்தாள். "நாந்தான்" என்றாள். பிறகு குனிந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.